கோமார் தொகையீடு ஏன் ஓரிடத்தில் பொருந்தி இன்னோரிடத்தில் சறுக்குகிறது? மீயீர்ப்பில் சமச்சீரும் காப்பு ஏற்றங்களும்

ஹட்டன் பக்கத்திலிருந்து பேராதனைக்குப் படிக்கப் போயிருக்கும் ஒரு பௌதிகவியல் மாணவர் கேட்ட கேள்வி, சுருக்கமாக இது. "சுவார்ட்ஸ்சில்ட் கருந்துளைக்குக் கோமார் தொகையீட்டைப் போட்டால் திணிவு சரியாக வருகிறது. அதே குணகத்தோடு கோண உந்தத்தைக் கணித்தால் இரட்டிப்பாக வருகிறது. எதிர்-டி-சிட்டர் வெளியில் தொகையீடு முடிவிலிக்கு ஓடுகிறது. சுழலும் கருந்துளையை அங்கே வைத்தால் முதல் விதியே ஒத்துவரவில்லை. மீயீர்ப்பில் மட்டும் திணிவும் மின்னேற்றமும் எப்படித் தானாகச் சமமாகின்றன? அங்கே வெப்பநிலை ஏன் பூச்சியம்?"

கோமார் தொகையீடு என்பது கருந்துளையைச் சுற்றிய ஒரு மேற்பரப்பில் தொகையிட்டுத் திணிவை அளக்கும் முறை. எதிர்-டி-சிட்டர் என்பது எதிர்மறைப் பிரபஞ்ச மாறிலி கொண்ட வெளி. மீயீர்ப்பு என்பது போசன்களையும் ஃபெர்மியன்களையும் ஒன்றோடொன்று மாற்றும் மீச்சமச்சீரைச் சேர்த்த ஈர்ப்புக் கொள்கை. ஐந்து கேள்விபோலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். ஈர்ப்பிலும் மீயீர்ப்பிலும் ஏற்றம் என்பது கருந்துளைக்குள் மூட்டை கட்டி வைத்த சரக்கு அல்ல. ஒரு மூடிய மேற்பரப்பின் ஊடாக அளக்கப்படும் பாய்வு அது. எந்தச் சமச்சீருக்காக, எந்த எல்லை நிபந்தனையோடு அளக்கிறோம் என்று சொல்லாதவரை அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. கீழே ஒளிவேகம், ஈர்ப்பு மாறிலி, பிளாங்க் மாறிலி, போல்ட்ஸ்மான் மாறிலி எல்லாவற்றையும் 1 என்று எடுத்துக்கொள்கிறேன்.

எம்மி நோதர் 1918இல் நிறுவியவை இரண்டு தேற்றங்கள். பாடப்புத்தகங்கள் முதலாவதோடு நின்றுவிடும்: ஒவ்வொரு தொடர்ச்சியான சமச்சீருக்கும் ஒரு காப்பு ஓட்டம் உண்டு. நமக்கு வேண்டியது இரண்டாவது. சமச்சீர் ஒவ்வொரு புள்ளியிலும் வேறுவேறாக இருக்கலாம் என்றால் (கேஜ் மாற்றம், ஆள்கூற்று மாற்றம், மீச்சமச்சீர் மாற்றம் மூன்றும் அப்படித்தான்), களச் சமன்பாடுகள் நிறைவேறும்போது அந்த ஓட்டமே வேறொன்றின் புற வகையீடாகச் சுருங்கிவிடும். அந்த "வேறொன்று" ஓர் இரு-வடிவம். நோதர் ஏற்ற வடிவம் என்பது அதுதான். அதை ஒரு கோள மேற்பரப்பில் தொகையிட்டால் வருவது ஏற்றம். மேற்பரப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே தேவையில்லை.

கெஹெல்கமு ஓயாவில் மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் நீரோட்டத்தை அளப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இடையில் கிளையாறு சேராமல், மழையும் பெய்யாமல் இருந்தால் இரண்டு அளவும் ஒன்றே. வெற்றிடத்தில் கருந்துளையின் நிலைமையும் இதுதான். மேலே அளக்கும் இடம் நிகழ்வெல்லை, கீழே அளக்கும் இடம் முடிவிலி. இடையில் எதுவும் சேராவிட்டால் இரண்டு பாய்வும் சமம். கருந்துளை வெப்பவியக்கவியலின் முதல் விதி (திணிவின் மாற்றம் = வெப்பநிலை × எந்திரப்பியின் மாற்றம் + கோண வேகம் × கோண உந்தத்தின் மாற்றம் + மின்னழுத்தம் × மின்னேற்றத்தின் மாற்றம்), அடிப்படையில், இந்தச் சமன்பாட்டின் மாறல் வடிவம்.

முதலில் எண்ணைப் போட்டுப் பார்ப்போம். சுவார்ட்ஸ்சில்ட் கருந்துளையின் நிகழ்வெல்லை ஆரை திணிவின் 2 மடங்கு. பரப்பு 16 பை × திணிவு². மேற்பரப்பு ஈர்ப்பு 1 ÷ (4 × திணிவு). ஹோக்கிங் வெப்பநிலை என்பது மேற்பரப்பு ஈர்ப்பு ÷ 2 பை, ஆகவே 1 ÷ (8 பை × திணிவு). எந்திரப்பி பரப்பின் கால் பங்கு, அதாவது 4 பை × திணிவு². இப்போது நோதர் ஏற்றத்தை நிகழ்வெல்லையில் தொகையிட்டால் மேற்பரப்பு ஈர்ப்பு × பரப்பு ÷ 8 பை வரும். அது வெப்பநிலை × எந்திரப்பிக்குச் சமம். எண்ணில் திணிவு ÷ 2. முடிவிலியில் தொகையிட்டாலும் திணிவு ÷ 2. ஆகத் திணிவு = 2 × வெப்பநிலை × எந்திரப்பி. ஸ்மார் 1973இல் எழுதிய உறவின் எளிய வடிவம் இது.

அந்த "÷ 2" இல்தான் உங்கள் கோண உந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. கோமார் 1959இல் தந்த தொகையீடு நோதர் ஏற்றத்தின் இரு மடங்கு. நோதர் ஏற்றம் மட்டும் சக்தி ஆகாது. வால்டும் விவேக் ஐயரும் 1993, 1994 கட்டுரைகளில் காட்டியபடி, உண்மையான ஹமில்ட்டோனியனின் (சக்தியைத் தரும் சார்பு) மாறல் இரண்டு துண்டால் ஆனது: நோதர் ஏற்றத்தின் மாறல் ஒன்று, லக்ராஞ்சியனை (களச் சமன்பாடுகள் பிறக்கும் சார்பு) மாற்றும்போது எல்லையில் தங்கும் பதத்தைச் சமச்சீர்க் காவியோடு சுருக்கி வருவது மற்றொன்று, அதைக் கழிக்க வேண்டும். நேரப் பெயர்ச்சிக்கு இந்த இரண்டாம் துண்டு முடிவிலியில் திணிவின் மறுபாதியைத் தருகிறது. பாதியும் பாதியும் சேர்ந்து முழுத் திணிவு. சுழற்சிக் காவியோ கோளத்தின் மேற்பரப்போடு ஒட்டியே ஓடுவது. அதோடு சுருக்கினால் இரண்டாம் துண்டு அந்தக் கோளத்தில் பூச்சியமாகிவிடும். எனவே கோண உந்தத்துக்கு நோதர் ஏற்றமே முழு விடை. கோமார், திணிவுக்குப் பொருந்தவென்று எல்லாவற்றையும் 2 ஆல் பெருக்கியதால் கோண உந்தம் இரட்டித்துப் போகிறது. உங்கள் கணிப்பில் பிழை இல்லை, தம்பி. ஒரே குணகத்தில் இரண்டையும் அடக்கப் பார்த்ததுதான் பிழை.

இனி எதிர்-டி-சிட்டர். இங்கே பிரபஞ்ச மாறிலி இருப்பதால் வெற்றிடத்திலும் லக்ராஞ்சியன் பூச்சியம் அல்ல. ஓயாவின் நீரேந்துபரப்பு முழுவதும் தென்மேல் பருவமழை கொட்டுவது மாதிரி: கீழே போகப் போக நீரோட்டம் கூடிக்கொண்டே போகும். வளைவு நீளத்தை "நீ" என்று வைத்தால், ஆரை "ஆ" இல் கோமார் தொகையீடு சரியாகத் திணிவு + ஆ³ ÷ நீ². முடிவிலிக்கு ஓடும் பகுதி எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்கு நேரே தெரிகிறது: அது மழை. கருந்துளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதே சூத்திரத்தை நிகழ்வெல்லையில் எழுதினால் 2 × வெப்பநிலை × எந்திரப்பி = திணிவு + நிகழ்வெல்லை ஆரை³ ÷ நீ². பிரபஞ்ச மாறிலியை அமுக்கமாக (3 ÷ 8 பை நீ²) வாசித்து, நிகழ்வெல்லை ஆரையில் வரும் சாதாரணக் கோளக் கனவளவை எடுத்தால், இதுவே திணிவு = 2 × வெப்பநிலை × எந்திரப்பி − 2 × அமுக்கம் × கனவளவு. காஸ்டர், ரே, டிராஷன் மூவரும் 2009இல் சொன்னது இதைத்தான்: இங்கே கருந்துளையின் திணிவை அகச்சக்தி என்பதைவிட வெப்பவுள்ளுறை என்று வாசிப்பதே பொருந்தும். உயர்தர இரசாயனவியலில் படித்த அதே வெப்பவுள்ளுறைதான்.

நிலையான கருந்துளைக்கு வெறும் பின்னணியைக் கழித்தே தப்பித்துவிடலாம். சுழலும் கருந்துளைக்கு அந்தக் குறுக்குவழி ஆபத்து. கெர் கருந்துளையை எதிர்-டி-சிட்டரில் வைக்கும்போது வழக்கமாக எழுதும் ஆள்கூறுகள் முடிவிலியிலேயே சுழன்றுகொண்டிருக்கும். சுழற்சிப் பரமானம் "அ" என்றால், முடிவிலியில் சுழலும் வேகம் −அ ÷ நீ². நீங்கள் "நேரப் பெயர்ச்சி" என்று எடுத்த காவி, உண்மையில் நேரமும் கொஞ்சம் சுழற்சியும் கலந்தது. அந்தக் "கொஞ்சம்" கருந்துளைக்குக் கருந்துளை மாறும். தீர்வை மாற்றும்போது காவியும் கூடவே மாறினால், மாறலில் வரும் மேலதிகப் பதம் எதனுடைய வகையீடாகவும் அமையாது.

கணக்கில் பாருங்கள். க = 1 − அ² ÷ நீ² என்று வையுங்கள். கிப்பன்ஸ், பெரி, போப் 2005இல் தெளிவுபடுத்திய சரியான கணியங்கள்: சக்தி = ம ÷ க², கோண உந்தம் = அ × ம ÷ க², இங்கே "ம" மெட்ரிக்கில் வரும் திணிவுப் பரமானம். நிகழ்வெல்லை ஆரை "ஆ" என்றால் கோண வேகம் = அ × (1 + ஆ² ÷ நீ²) ÷ (ஆ² + அ²), அதாவது முடிவிலியில் சுழலாத சட்டத்துக்கு (ஆள்கூற்றுத் தொகுதிக்கு) சார்பாக. சுழலும் சட்டத்தில் எழுதினால் கோண வேகம் அ × க ÷ (ஆ² + அ²) என்று வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அ ÷ நீ². தவறான கோண வேகத்தை முதல் விதியில் இட்டால் மிஞ்சி நிற்பது (அ ÷ நீ²) × கோண உந்தத்தின் மாற்றம். "அ" கோண உந்தத்தின் சார்பு மட்டும் அல்ல, திணிவையும் பொறுத்தது. ஆகவே அந்த மிச்சத்தைத் தொகையிட்டு ஒரு புதுச் "சக்தி"க்குள் ஒளிக்க வழியே இல்லை. உங்கள் தாளில் ஒத்துவராத பதம் பெரும்பாலும் இதுதான். ம ÷ க என்று திணிவை எடுத்திருந்தால் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கும்.

காவியின் நெறிப்படுத்தலைப் பற்றியும் ஒரு சொல். வெப்பநிலை கில்லிங் காவியின் (வெளிநேரத்தின் சமச்சீரைக் குறிக்கும் மேற்சொன்ன காவியின்) அளவைப் பொறுத்தது. தட்டையாகும் முடிவிலியில் அதன் நீளம் 1 என்று கட்டினால்தான் சுவார்ட்ஸ்சில்டுக்கு மேலே தந்த எண்கள் வரும். யாருடைய மணிக்கூட்டில் அளக்கிறோம் என்ற கேள்வி அது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். அங்குள்ள ஒரு துல்லிய மணிக்கூடு கொழும்புக் கரையில் இருப்பதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 18 நனோசெக்கன் முந்தும். கருந்துளைக்கு அருகே இந்த வித்தியாசம் நனோசெக்கனில் நிற்பதில்லை, அவ்வளவுதான். காவியை 2 ஆல் பெருக்கினால் வெப்பநிலையும் சக்தியும் சேர்ந்தே இரட்டிக்கும், எந்திரப்பி மாறாது. ஒன்றுக்கு ஒரு நெறிப்படுத்தல், மற்றதுக்கு வேறொன்று என்று கலந்தால் முதல் விதி 2 மடங்கால் பிசகும். இது அடிக்கடி நடப்பது.

மின்னேற்றம் சேர்ந்தால் இன்னொரு குழி. வழக்கமாக மின்னழுத்தத்தை முடிவிலியில் பூச்சியமாக வைப்போம். அப்போது நிகழ்வெல்லையில் அது பூச்சியம் அல்ல. ஆனால் நிகழ்வெல்லையின் இரு கிளைகள் சந்திக்கும் கோளத்தில் கில்லிங் காவியே பூச்சியம். பூச்சியக் காவியோடு சுருக்கியும் பூச்சியமல்லாத விடை வருகிறதென்றால், அங்கே கேஜ் காவி வெடித்துப் போயிருக்கிறது என்றுதான் பொருள். இரண்டு வழி உண்டு. மின்னழுத்தத்தை நிகழ்வெல்லையில் பூச்சியமாக்கி, மின்வேலைப் பதத்தை முடிவிலியிலிருந்து எடுக்கலாம். அல்லது ஆள்கூற்று மாற்றத்தோடு ஓர் ஈடுசெய்யும் கேஜ் மாற்றத்தையும் சேர்த்து, கேஜ் காவிக்குப் பதிலாகக் களவலிமை மட்டும் தோன்றும்படி சமச்சீரையே திருத்தி எழுதலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஸ்பினோர்கள் (இலத்திரன் போன்ற அரைச்சுழற்சித் துகள்களின் களங்கள்) வரும்போது உள்ளூர் லொரென்ஸ் சுழற்சிக்கும் இதே ஈடுசெய்தல் தேவைப்படும். அதற்கு வேறு மாற்று இல்லை. எந்த வழியில் போனாலும் மின்வேலைப் பதம் ஒரு முறைதான் வரவேண்டும். இரண்டு இடத்திலும் எடுத்து இரட்டிப்பது, இரண்டிலும் விட்டுவிடுவது, இரண்டும் நடக்கும்.

மீயீர்ப்பின் விந்தை இங்கேதான் ஆரம்பிக்கிறது. 1976இல் ஃபிரீட்மன், வான் நியூவென்ஹூசன், ஃபெராரா மூவரும், தனியாக டெசரும் சூமினோவும், மீச்சமச்சீரை உள்ளூர்ச் சமச்சீராக்கினார்கள். உள்ளூர்ச் சமச்சீர் என்றாலே அதன் ஏற்றம் எல்லைத் தொகையீடு. மீயேற்றமும் அப்படியே: கிரவிட்டினோ (ஈர்ப்பானின் மீச்சமச்சீர்த் துணைத்துகள்) களத்தை முடிவிலிக் கோளத்தில் தொகையிட்டது. இரண்டு மீயேற்றங்களின் எதிர்ப்பரிமாற்றி சக்தி, உந்தம், மின்னேற்றம் ஆகியவற்றைத் தரும். அந்த இயற்கணிதத்தின் நிழல்தான் 1981இல் விட்டன் தந்த நேர்ச்சக்தி நிறுவலில் தெரிகிறது. அங்கே எல்லைத் தொகையீட்டை ஒரு கனவளவுத் தொகையீடாக மாற்றி, ஸ்பினோருக்கு ஒரு நிபந்தனை விதித்தால், உள்ளே எல்லாம் வர்க்கங்களாக நிற்கும். கிப்பன்ஸும் ஹல்லும் 1982இல் மின்காந்தப் புலத்தையும் சேர்த்து, பொருத்தமான அலகுகளில் திணிவு, மின் காந்த ஏற்றங்களின் வர்க்கக் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்துக்குக் குறையாது என்று காட்டினார்கள். சமக்குறி வரும் இடத்தில் ஒரு கில்லிங் ஸ்பினோர் (தீர்வை மாற்றாத மீச்சமச்சீர் மாற்றத்தைக் குறிக்கும் ஸ்பினோர்) இருந்தே ஆகவேண்டும்.

வெப்பநிலை ஏன் பூச்சியம் என்பதற்கு "அது எல்லைநிலைக் கருந்துளை" என்று பதில் சொல்வது சுற்றிவளைப்பு. நேரான காரணம் இது. கில்லிங் ஸ்பினோரிலிருந்து இரு வழியில் பெருக்கம் செய்யலாம்: ஒன்று கில்லிங் காவியைத் தரும், மற்றது ஓர் எண்சார்பை, சொல்லப்போனால் "எ" ஐ. மின்னேற்றம் மட்டும் உள்ள எளிய நிலையில் காவியின் நீள வர்க்கம் −எ². நிகழ்வெல்லையில் காவி பூச்சிய நீளம் அடைவதால் அங்கே எ = 0. ஆனால் எ² இன் சாய்வு 2 × எ × எ இன் சாய்வு; எ பூச்சியமானால் சாய்வும் பூச்சியம். மேற்பரப்பு ஈர்ப்பு என்பது அந்தச் சாய்வின் அளவே. ஆகவே வெப்பநிலை பூச்சியம்.

அதே "எ" இன்னொரு வேலையும் செய்கிறது. காவியை மின்புலத்தோடு சுருக்கினால் வருவது எ இன் வகையீடு. அதாவது எ தான் மின்னழுத்தம். முடிவிலியில் 1, நிகழ்வெல்லையில் 0, ஆகவே அழுத்த வேறுபாடு சரியாக 1. இனி முதல் விதியைப் போடுங்கள்: வெப்பநிலைப் பதம் மறைகிறது, திணிவின் மாற்றம் = 1 × மின்னேற்றத்தின் மாற்றம். திணிவும் மின்னேற்றமும் சமமாவது தானாக விழுகிறது. றெய்ஸ்னர்-நோர்ட்ஸ்ட்ரோம் தீர்வில் (மின்னேற்றமுள்ள, சுழலாத கருந்துளை) நேரடியாகவும் சரிபார்க்கலாம்: திணிவு = மின்னேற்றம் எனும்போது இரண்டு நிகழ்வெல்லைகளும் ஒன்றாகி, ஆரை திணிவுக்குச் சமமாகி, எந்திரப்பி பை × மின்னேற்றம்² ஆகிறது. வெப்பநிலை பூச்சியம், எந்திரப்பி பூச்சியமல்ல.

எதிர்-டி-சிட்டரில் மீச்சமச்சீர் இயற்கணிதம் கோண உந்தத்தையும் உள்ளே இழுக்கிறது: நான்கு பரிமாணத்தில் சக்தி = கோண உந்தம் ÷ நீ + மின்னேற்றம். இதை நான் ஒரு சோதனைக் கருவியாகவே பாவிப்பேன். மேலே தந்த சக்தியும் கோண உந்தமும், மின்னேற்றம் = கு ÷ க என்பதும் ("கு" மெட்ரிக்கில் வரும் மின்னேற்றப் பரமானம்) சேர்ந்தால் நிபந்தனை ம = கு × (1 + அ ÷ நீ) என்று அழகாகச் சுருங்கும். ம ÷ க என்ற தவறான சக்தியை இட்டுப் பாருங்கள், சுருங்காது. ஆனால் ஒரு எச்சரிக்கை: இந்த நிபந்தனை மட்டும் ஒழுங்கான நிகழ்வெல்லைக்கு உத்தரவாதம் அல்ல. அதற்குப் பரமானங்களிடையே இன்னொரு கட்டுப்பாடும் வேண்டும். இல்லாவிட்டால் திறந்து கிடக்கும் ஒருமைப்புள்ளிதான் மிஞ்சும்.

ஐந்து பரிமாண மீயீர்ப்புக்குப் போனால் செர்ன்-சைமன்ஸ் பதம் குறுக்கே வரும். அங்கே புலமே தனக்கு மூலமாகிறது. ஓயாவின் நீரே வழியில் நீரை ஊற வைப்பது மாதிரி. விளைவு: "மின்னேற்றம்" என்ற ஒரே பெயரில் வேறுவேறு கணியங்கள். டொனால்ட் மரோல்ஃப் 2000இல் அவற்றைப் பிரித்துக் காட்டினார். மக்ஸ்வெல் ஏற்றம் கேஜ் மாற்றத்தில் மாறாது, ஆனால் எந்த ஆரையில் அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். பேஜ் ஏற்றம் ஆரையைப் பொறுத்து மாறாது, குவாண்டமாகவும் வரும், ஆனால் பெரிய கேஜ் மாற்றங்களில் எகிறும். மூலத்துகள்களோடு இணைத்துப் பேசும் ஏற்றம் வேறு. நிகழ்வெல்லையில் ஒன்றையும் முடிவிலியில் மற்றதையும் எடுத்து ஒப்பிட்டால் இடையில் "காணாமல் போன" ஏற்றத்தைத் தேடிக்கொண்டே இருக்கலாம். 1997இல் பிரெக்கன்ரிட்ஜ், மையர்ஸ், பீட், வஃபா தந்த ஐந்து பரிமாணக் கருந்துளையில் நிகழ்வெல்லையின் கோண வேகம் பூச்சியம், கோண உந்தமோ பூச்சியமல்ல. கோண உந்தம் வெளியே புலத்தில் பரவிக் கிடக்கிறது என்று உணராமல் அந்தத் தீர்வு புரியாது.

வளைவின் உயர் அடுக்குகள் லக்ராஞ்சியனில் சேர்ந்தால் "பரப்பின் கால் பங்கு" போதாது. எந்திரப்பி என்பது நிகழ்வெல்லையில் தொகையிட்ட நோதர் ஏற்றம் ÷ வெப்பநிலை என்ற வால்டின் வரையறைதான் அப்போது துணை: லக்ராஞ்சியனை வளைவால் வகையிட்டு, நிகழ்வெல்லைக்குச் செங்குத்தான திசைகளில் சுருக்கி, −2 பை ஆல் பெருக்கித் தொகையிட வேண்டும். ஐன்ஸ்டைன் லக்ராஞ்சியனில் இது கால் பங்குக்கே திரும்பும். 1998இல் லோப்பஸ் கார்டோசோ, டி விட், மோகோப்ட் மூவரும் நான்கு பரிமாண மீயீர்ப்பில் இதைச் செய்தபோது, முந்திய ஆண்டு மல்டசேனா, ஸ்ட்ரொமிஞ்சர், விட்டன் நுண்ணிலைகளை எண்ணிப் பெற்ற திருத்தத்தோடு பொருந்தியது. திருத்திய தீர்வின் பரப்பை மட்டும் நாலால் வகுத்திருந்தால் பொருந்தியிருக்காது.

உங்கள் தாளைத் திருத்தத் தொடங்கும்போது இந்த வரிசையில் போங்கள். முதலில் காவி தீர்வோடு மாறுகிறதா என்று பாருங்கள். முடிவிலியில் சுழலாத சட்டத்துக்கு வாருங்கள். பிறகு மின்னழுத்தம் நிகழ்வெல்லையில் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பின், மாறலைத் தொகையிட முடிகிறதா என்று சோதியுங்கள்: பரமானம் இரண்டு என்றால், குறுக்கு வகையீடுகள் இரண்டும் சமமாக வரவேண்டும். சிம்பை போன்ற இலவச மென்பொருளில் இது நாலைந்து வரி வேலை. அவை சமமாக வராதபோது சக்திக்குச் சூத்திரம் தேடுவது வீண் உழைப்பு. எண்சார்புக் களங்கள் இருந்தால் அவற்றின் முடிவிலி மதிப்பைப் பிடித்து வையுங்கள். அதை அசைய விட்டால், கிப்பன்ஸ், கலோஷ், கோல் 1996இல் காட்டியபடி, முதல் விதியில் எண்சார்பு ஏற்றம் × முடிவிலி மதிப்பின் மாற்றம் என்று ஒரு பதம் கூடுதலாக வரும். அந்த ஏற்றத்துக்குப் பின்னால் காக்கப்படும் பாய்வு எதுவும் இல்லை. திணிவும் மற்ற ஏற்றங்களும் தெரிந்தால் அதுவும் தெரிந்துவிடும்.